அஞ்சு நிமிஷம் எழுந்திருக்கட்டுமே! பிள்ளைகளின் படிப்பு நேரத்துக்கு ஒரு புது மணி

சாயங்காலம் ஐந்தரை மணி. சரவணம்பட்டி சத்தி ரோட்டில் பள்ளி வேன்களும் ஐடி கம்பெனி பஸ்களும் ஒன்றன் பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருக்கும் நேரம். வேனிலிருந்து இறங்கும் பிள்ளைகள் லிஃப்ட் ஏறி வீட்டுக்குள் நுழைகிறார்கள். பை ஒரு பக்கம், ஷூ ஒரு பக்கம். ஒரு டம்ளர் பால், இரண்டு முறுக்கு. அடுத்து ஹோம்வொர்க் டைரி. அங்கிருந்து ஆரம்பிக்கிறது தினசரி மல்லுக்கட்டு.

புத்தகத்தைத் திறந்த பத்தாவது நிமிடம் பிள்ளைக்குத் தண்ணீர் தவிக்கும். பதினைந்தாவது நிமிடம் பாத்ரூம் வரும். இருபதாவது நிமிடம் பென்சில் முனை உடையும். ஷார்ப்னர் எங்கே என்று வீடு முழுக்க ஒரு தேடல். “ஏங் கண்ணு, ஒரு எடத்துல உக்கோந்து படிக்க மாட்டியா?” என்று சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுப்பார். லேப்டாப்பில் மீட்டிங்கில் இருக்கும் அப்பா கண்ணாலேயே அதட்டுவார். ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய ஹோம்வொர்க், இரண்டு மணி நேரம் இழுக்கும். கடைசியில் பிள்ளை கண்ணைக் கசக்கும். அம்மாவுக்குத் தலை வலிக்கும்.

இதில் பிள்ளையைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தை யோசிக்கலாம். தண்ணீர், பாத்ரூம், பென்சில் எல்லாமே எழுந்து நடக்க வேண்டிய வேலைகள். உட்கார்ந்த இடத்திலேயே செய்கிற சாக்கை எந்தப் பிள்ளையும் சொல்வதில்லை. அப்படியென்றால் அது சாக்குதானா? உடம்பு கேட்கிற இடைவேளையை நாம் கொடுக்காததால், பிள்ளையே அதைத் திருடி எடுத்துக்கொள்கிறதோ?

காலையிலிருந்து எத்தனை மணி நேரம்?

ஒரு பள்ளி நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வேனில் உட்கார்ந்து போகிறார்கள். வகுப்பில் ஐந்தாறு மணி நேரம் பெஞ்ச். மறுபடி வேன். வீட்டில் ஹோம்வொர்க். அதற்கு மேல் டியூஷன் அல்லது அபாகஸ் அல்லது ஹிந்தி கிளாஸ். இடையில் கிடைக்கும் அரை மணி நேரமும் டிவி, செல்போன். தூங்கப் போகும்வரை பிள்ளை உட்கார்ந்தே இருக்கிறது.

5 முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். வாரத்தில் மூன்று நாளாவது எலும்பையும் தசையையும் பலப்படுத்தும் வேலை வேண்டும், உட்கார்ந்திருக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. நடைமுறையோ தலைகீழ். 146 நாடுகளில் 11 முதல் 17 வயதுவரை உள்ள 16 லட்சம் மாணவர்களின் விவரங்களை வைத்து 2019-ல் வெளியான ஆய்வில், 81 சதவிகிதம் பேர் இந்த 60 நிமிடத்தைத் தொடவில்லை. பெண் பிள்ளைகளில் இது 85 சதவிகிதம். ஆண் பிள்ளைகளில் 78.

சரவணம்பட்டி போன்ற ஊர்களில் இதற்குக் காரணம் கண்ணெதிரே இருக்கிறது. ஒரு தலைமுறைக்கு முன்னால் இந்தப் பக்கம் முழுக்கத் தோட்டங்காடு. பள்ளி விட்டதும் பையை வீசிவிட்டுக் களத்துமேட்டில் நொண்டியும் கில்லியும் ஆடிய பிள்ளைகள்தான் இன்றைய தாத்தா பாட்டிகள். பேரூராட்சியாக இருந்த சரவணம்பட்டி 2011-ல் கோவை மாநகராட்சியோடு சேர்ந்தது. கீரணத்தம் பக்கம் ஐடி வளாகங்கள் வந்தன. சோளம் விளைந்த நிலத்தில் அப்பார்ட்மென்ட்கள் எழுந்தன. வேலை வந்தது, வசதி வந்தது. பிள்ளைகள் ஓடிய இடம் மட்டும் கார் பார்க்கிங் ஆனது. தெருவில் விடலாம் என்றால் வண்டிகள் பறக்கின்றன. யாரையும் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஆனால் முன்பு ஊரே சும்மா கொடுத்த ஓட்டத்தை, இப்போது வீடுதான் திட்டமிட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

எழுந்தால் என்ன நடக்கிறது?

நம் உடம்பின் பெரிய தசைகள் இருப்பது தொடையிலும் காலிலும். மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தால் அவை சும்மா கிடக்கின்றன. எழுந்து நாலு எட்டு வேகமாக நடந்தாலே காலில் தேங்கிய ரத்தம் மேலேறுகிறது, இதயம் கொஞ்சம் வேகமாகத் துடிக்கிறது, மூளைக்குப் போகும் ரத்தமும் கூடுகிறது. வகுப்பில் கொட்டாவி விடும் பிள்ளை, மைதானத்துக்குப் போய்வந்தால் பளிச்சென்று இருப்பது இதனால்தான்.

அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹில்மன் என்ற ஆய்வாளரின் குழு 2009-ல் இதைச் சோதித்துப் பார்த்தது. சுமார் ஒன்பதரை வயதுள்ள 20 பிள்ளைகள். ஒரு நாள் 20 நிமிடம் ட்ரெட்மில்லில் நடக்க வைத்துவிட்டு, கவனத்துக்கும் வாசிப்புக்கும் தேர்வு வைத்தார்கள். இன்னொரு நாள் சும்மா உட்காரவைத்துவிட்டு அதே மாதிரித் தேர்வு. நடந்த நாளில் பிள்ளைகள் தவறுகளைக் குறைத்துச் செய்தார்கள். வாசித்ததை நன்றாகப் புரிந்துகொண்டார்கள்.

“20 நிமிடமா? ஹோம்வொர்க்கே முடியாதே!” என்கிறீர்களா? கனடாவின் க்வீன்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நான்கே நிமிடத்தில் முயன்று பார்த்தார்கள். 9 முதல் 11 வயதுவரை உள்ள பிள்ளைகளை வகுப்பறைக்குள்ளேயே 20 விநாடி துள்ளிக் குதிக்க வைத்து, 10 விநாடி ஓய்வு கொடுத்து, இப்படி எட்டுத் தடவை செய்யச் சொன்னார்கள். அதற்குப் பிறகு வைத்த கவனத் தேர்வில் பிள்ளைகள் குறைவான தவறுகளே செய்தார்கள்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு தொடக்கப் பள்ளியில் வகுப்பின் நடுவே தினம் 10 நிமிட அசைவு கொடுத்துப் பார்த்தார்கள். 2006-ல் வெளியான அந்த ஆய்வின்படி, பிள்ளைகள் பாடத்தில் ஊன்றியிருக்கும் நேரம் 8 சதவிகிதம் கூடியது. அதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. வழக்கமாகவே கவனம் அதிகம் சிதறும் பிள்ளைகளிடம் அந்த முன்னேற்றம் 20 சதவிகிதமாக இருந்தது. அதாவது, “இவன் ஒரு எடத்துல உக்காரவே மாட்டான்” என்று நாம் அலுத்துக்கொள்ளும் பிள்ளைக்குத்தான் இது அதிகம் தேவைப்படுகிறது.

அதற்காக அஞ்சு நிமிடம் குதித்தால் நூற்றுக்கு நூறு என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010-ல் 50 ஆய்வுகளை அலசிப் பார்த்தது. அவற்றில் பார்க்கப்பட்ட தொடர்புகளில் பாதி, உடல் அசைவால் படிப்பு, கவனம், வகுப்பறை நடத்தை ஆகியவற்றுக்கு நன்மை என்றன. மீதியில் ஏறக்குறைய எல்லாமே பெரிய வித்தியாசம் இல்லை என்றன. படிப்பு கெட்டது என்று சொன்னவை 1.5 சதவிகிதம் மட்டுமே. ‘விளையாடினால் படிப்பு போச்சு’ என்று பயப்படும் பெற்றோர் இந்தக் கடைசி எண்ணை மனதில் வைத்துக்கொள்ளலாம். நேரத்தைக் கொடுத்தாலும் மதிப்பெண் குறையவில்லை. உடம்புக்குக் கிடைத்தது லாபம்.

கண்ணுக்கும் சேர்த்து

கிட்டப்பார்வைக் கண்ணாடி போடும் பிள்ளைகள் வகுப்புக்கு வகுப்பு கூடிவருகிறார்கள். சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2015-ல் வெளியானது. பாதிப் பள்ளிகளில் தினமும் கூடுதலாக 40 நிமிடம் பிள்ளைகளை வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, வெளியே விட்ட பள்ளிகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவிகிதம். வழக்கம்போல் நடத்திய பள்ளிகளில் 39.5 சதவிகிதம்.

இதிலிருந்து வீட்டுக்கு ஒரு பாடம் எடுத்துக்கொள்ளலாம். வேனிலிருந்து இறங்கியதும் நேராகப் புத்தகத்தில் உட்கார வைக்காமல், வெளிச்சம் இருக்கும்போதே அரை மணி நேரம் கீழேயோ மொட்டை மாடியிலோ பெரியவர் துணையோடு விடுங்கள். புத்தகம் எங்கும் ஓடிவிடாது. வெயில்தான் இறங்கிவிடும்.

நம் மண்ணுக்கு இது புதுசா?

பின்லாந்தில் 45 நிமிடப் பாடம், 15 நிமிட இடைவேளை என்பது பள்ளிகளின் நெடுநாள் வழக்கம். ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் நகரில் எலைன் வைலி என்ற தலைமை ஆசிரியை, தன் பிள்ளைகளுக்குத் தெம்பே இல்லை என்று கண்டு, 2012-ல் தினமும் 15 நிமிடம் மைதானத்தைச் சுற்றி ஓடவோ நடக்கவோ வைத்தார். தனி உடுப்பு வேண்டாம், கருவி வேண்டாம், போட்டியும் இல்லை. ‘டெய்லி மைல்’ என்ற அந்த வழக்கம் இன்று பல நாடுகளின் பள்ளிகளில் நடக்கிறது.

ஆனால் பிள்ளை நடமாடிக்கொண்டே படிக்கலாம் என்பதை நாம் வெளிநாட்டிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. சரவணம்பட்டியிலிருந்து துடியலூர் வழியாகப் போனால் வருகிற பெரியநாயக்கன்பாளையத்தில் தி.சு.அவிநாசிலிங்கம் 1930-ல் தொடங்கிய ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் இருக்கிறது. காந்தியின் ஆதாரக் கல்வியைப் பின்பற்றி, கைத்தொழிலும் உடல் உழைப்பும் சேர்ந்ததுதான் படிப்பு என்று நடத்திக்காட்டிய இடம் அது. உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கும் மாருதி கல்லூரியும் அதே வளாகத்தில்தான் இருக்கிறது.

இத்தாலியைச் சேர்ந்த கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னைக்கு வந்தார். போர்க்காலம் என்பதால் ஊர் திரும்ப முடியாமல், சென்னையிலும் கொடைக்கானலிலுமாகப் பல ஆண்டுகள் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பிள்ளையை பெஞ்சில் கட்டிப்போடாமல், அது எழுந்து போய்ப் பொருளை எடுத்துவந்து, செய்து பார்த்து, திரும்ப வைத்துவிட்டு வரவேண்டும் என்பது அவருடைய முறையின் அடிப்படை.

நம் அரசுப் பள்ளிகளும் இதைச் செய்திருக்கின்றன. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் எம்.பி.விஜயகுமார் ஐ.ஏ.எஸ். முன்னின்று கொண்டுவந்த செயல்வழிக் கற்றல், 2007-08-ல் தமிழகம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. பெஞ்ச் போய்ப் பாய் வந்தது. பிள்ளைகள் எழுந்து போய் அட்டையை எடுத்தார்கள், குழுவோடு உட்கார்ந்தார்கள், தரையோடு இருந்த கரும்பலகையில் எழுதினார்கள். 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் பாட்டு, கதை, செயல்பாடு வழியாகவே சிறு வகுப்புப் பிள்ளைகள் படிக்கிறார்கள். பள்ளியில் ஆடிப் பாடிப் படிக்கும் அதே பிள்ளையைத்தான் வீட்டில் ‘ஆடாம அசங்காம உக்காரு’ என்கிறோம்.

தண்டனையாகிப்போன அசைவு

தோப்புக்கரணம் போடு. பெஞ்ச் மேல் ஏறி நில். கிரவுண்டை ரெண்டு ரவுண்ட் ஓடிவா. படிக்கிற இடத்தில் உடம்பை அசைக்கச் சொல்லிப் பிள்ளைகள் கேட்ட வார்த்தைகள் இவைதான். எல்லாமே தண்டனை. தப்பு செய்தால் ஓட்டம். ஒழுங்காக இருந்தால் உட்காரலாம்.

இல்லையென்றால் அது பரிசு. “எல்லாத்தையும் முடிச்சாத்தான் வெளையாட்டு” என்போம். முடிக்கும்போது மணி எட்டாகிவிடும். அப்புறம் சாப்பாடு, தூக்கம். பரிசு கைக்கு வருவதே இல்லை. மெதுவாக எழுதும் பிள்ளைக்கு ஒரு நாளும் வருவதில்லை. யாருக்கு அசைவு அதிகம் வேண்டுமோ, அந்தப் பிள்ளைக்குத்தான் அது முதலில் பறிபோகிறது.

பள்ளியிலும் இதே கதைதான். பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் கொடுப்பது ஊரறிந்த வழக்கம். கடன் வாங்காதீர்கள் என்று தமிழகத்தின் விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலினே மேடையில் ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டார் என்றால், அந்தக் கடன் எவ்வளவு பெருகியிருக்கும்!

பிள்ளை எழுந்து ஐந்து நிமிடம் ஆடுவது தண்டனையும் இல்லை, பரிசும் இல்லை. எழுதுவதற்கு நோட்டு மாதிரி, படிப்பதற்கு வெளிச்சம் மாதிரி, அது படிப்பு நேரத்துக்கு வேண்டிய ஒரு பொருள். இந்த ஒன்றை வீட்டில் ஏற்றுக்கொண்டால் மீதி எல்லாம் சுலபம்.

வீட்டில் எப்படி ஆரம்பிப்பது?

*மணி அடிக்கட்டும்:* கோவையில் ஒரு காலத்தில் மில் சங்குதான் கடிகாரம். சங்கு ஊதினால் ஷிப்ட் மாறும். யாரும் யாரையும் அதட்ட வேண்டியதில்லை. வீட்டிலும் அப்படி ஒரு மணி இருக்கட்டும். சமையலறை டைமர் போதும். ‘அம்மா சொன்னால்’ என்றில்லாமல் ‘மணி அடித்தால்’ என்று ஆகிவிட்டால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். எழுந்திருக்க ஒரு மணி. திரும்பி உட்கார ஒரு மணி.

*வயதுக்கு ஏற்ற இடைவெளி:* ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒரு முறை. மூன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒரு முறை. பெரிய பிள்ளைகளுக்கு நாற்பது நிமிடத்துக்கு ஒரு முறை. இது தோராயக் கணக்குதான். உங்கள் பிள்ளை எப்போது நெளிய ஆரம்பிக்கிறது என்று இரண்டு நாள் கவனியுங்கள். அதற்குச் சற்று முன்னால் மணியை வையுங்கள். நெளிந்த பிறகு விடுவதைவிட, நெளிவதற்கு முன்பே எழுப்புவது நல்லது.

*நாலு நிமிட ஆட்டம்:* நின்ற இடத்தில் ஓட்டம், தோப்புக்கரணம், கைகளை விரித்துத் தட்டிக் குதித்தல், நொண்டி. ஒவ்வொன்றும் 20 விநாடி. நடுவில் 10 விநாடி ஓய்வு. நான்கையும் இரண்டு சுற்று செய்தால் சரியாக நாலு நிமிடம். ஐந்தாவது நிமிடம் மெதுவாக நடந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, உட்கார வேண்டியதுதான்.

*கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வராமல்:* ராத்திரி எட்டு மணிக்கு மேல் குதித்தால் கீழ் ஃப்ளாட்டில் தூங்கும் கைக்குழந்தை எழுந்துகொள்ளும். அந்த நேரத்துக்குச் சத்தமில்லாத அசைவுகள் உண்டு. சுவரில் கை ஊன்றித் தண்டால், ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடி எண்ணுதல், இல்லாத நாற்காலியில் உட்காருவதுபோல் சுவரில் சாய்ந்து நிற்றல், நுனிக்காலில் வராந்தாவைச் சுற்றிவருதல், யோகாசனம். வீட்டு வேலையும் நல்ல அசைவுதான். துணி எடுத்துவர, செடிக்குத் தண்ணீர் ஊற்ற, கூட்டிப் பெருக்க அனுப்பலாம். ஆண் பிள்ளைகளையும் சேர்த்தேதான் சொல்கிறோம்.

*பாடத்தோடு சேர்ந்த அசைவு:* எட்டாம் வாய்ப்பாட்டை மாடிப்படிக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டு ஏறலாம். ஸ்பெல்லிங் எழுத்துக்கு ஒரு ஸ்கிப்பிங். செய்யுளைக் கை தட்டிக்கொண்டு சுற்றிவந்து சொல்லலாம். தரையில் சாக்பீஸால் பாண்டிக் கட்டம் போட்டு, அதில் மாநிலத் தலைநகரங்களை எழுதித் தாண்டலாம். மனப்பாடத்துக்கு உட்கார வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

*பெரியவர்களையும் சேருங்கள்:* தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் நொண்டியின் விதிகளை அவர்களிடமே கேட்கச் சொல்லுங்கள். கொங்கு நாட்டுக்கென்றே வள்ளி கும்மி இருக்கிறது. ஒரு காலத்தில் ஆண்கள் மட்டுமே ஆடிய அதைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் கோவை மாவட்டத்தைச் சேர்ந்த வள்ளி ஒயில் கும்மி ஆசான் எம்.பத்திரப்பன். 2024-ல் தன் 87-வது வயதில் அதற்காகப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பெற்றார். அடவு வைத்துக் குனிந்து நிமிர்ந்து ஐந்து நிமிடம் கும்மி ஆடிப் பாருங்கள், மூச்சு வாங்கும். வயதுக்கு வந்ததும் ‘இனிமே என்ன ஆட்டம்’ என்று ஓரங்கட்டப்படும் பெண் பிள்ளைகளுக்கு, வீட்டுக்குள்ளேயே கிடைக்கிற நல்ல துணை இந்தக் கும்மி. ஓட்டமும் சைக்கிளும் அவர்களுக்கும் உரியவை என்பதையும் மறக்க வேண்டாம்.

இவற்றைத் தவிர்க்கலாம்

இடைவேளையில் செல்போன் வேண்டவே வேண்டாம். பிள்ளை எழுந்தும் உட்கார்ந்தே இருக்கும்; கண்ணுக்கும் ஓய்வில்லை. ஐந்து நிமிடம் ஐம்பது நிமிடமாவதும் பெரும்பாலும் அதனால்தான்.

தப்புக்கு இடைவேளையை வெட்டாதீர்கள். கணக்குத் தப்பானால் தப்பான கணக்கைத் திரும்பப் போடச் சொல்லலாம். காலைக் கட்டிப் போடுவதால் கணக்கு சரியாகிவிடாது.

சாப்பிட்ட உடனே குதிக்கவிட வேண்டாம். சாக்ஸ் போட்ட காலோடு டைல்ஸ் தரையில் ஓடினால் வழுக்கும். பால்கனியில் எந்த ஆட்டமும் வேண்டாம். கம்பியில் கால் வைத்து ஏறும் வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பால்கனிக் கதவு பூட்டியே இருக்கட்டும். இடைவேளை என்று சொல்லி ரோட்டைத் தாண்டிக் கடைக்கு அனுப்புவதும் கூடாது.

ஆஸ்துமா, இதயப் பிரச்சனை, வலிப்பு உள்ள பிள்ளைகளுக்கு எவ்வளவு அசைவு என்பதை அவர்களைப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்கும் இடைவேளை உண்டு. பந்தைத் தூக்கிப் பிடிக்கலாம், கைகளால் கும்மி தட்டலாம், உடம்பை வளைத்து நிமிரலாம்.

எவ்வளவு அசைவு கொடுத்தும் வீடு, பள்ளி இரண்டிலும் பிள்ளையால் ஒரு வேலையில் நிற்கவே முடியவில்லை என்றால் திட்டிப் பயனில்லை, நீங்களே பெயர் வைத்துவிடவும் வேண்டாம். குழந்தைநல மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைக்குமா?

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு வீடுகளில் ஒரு கேள்வி கட்டாயம் வரும். தேர்வறையில் மூன்று மணி நேரம் உட்கார வேண்டுமே, இப்படி எழுந்து எழுந்து பழகினால் என்ன ஆவது?

நியாயமான கேள்விதான். படிப்பது வேறு, எழுதுவது வேறு என்பதே அதற்குப் பதில். புதிதாக ஒன்றைப் படித்து மண்டையில் ஏற்றும்போது நாற்பது நிமிடத்துக்கு ஒரு இடைவேளை இருக்கட்டும். தேர்வு நெருங்கும் வாரங்களில் தனியாக மாதிரித் தேர்வு வைத்து, எழாமல் மூன்று மணி நேரம் எழுதப் பழக்கலாம். ஓட்டப் பந்தய வீரர் தினமும் பந்தயம் ஓடுவதில்லை. பயிற்சி தனி, பந்தயம் தனி.

இந்த வயதுப் பிள்ளைகள் அம்மா சொல்லித் தோப்புக்கரணம் போடமாட்டார்கள். அவர்களிடம் மணியை மட்டும் கொடுத்துவிடுங்கள். மொட்டை மாடியில் நாலு நடையோ, பிடித்த பாட்டுக்கு ஒரு ஆட்டமோ, ஷட்டில் பேட்டோ அவர்களே முடிவு செய்யட்டும். அந்த ஐந்து நிமிடத்தில் “எத்தன லெசன் முடிச்ச?” என்று கேட்காமல் இருந்தாலே பெரிய உதவி.

டியூஷனிலும் பள்ளியிலும்

பள்ளி விட்டு, வேன் ஏறி, வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டு, மறுபடி ஆறு மணிக்கு டியூஷனில் போய் உட்காரும் பிள்ளைகள் நிறைய. ஒரு ஹாலில் பதினைந்து பேர் தரையில் சம்மணம் போட்டு இரண்டு மணி நேரம். டியூஷன் மிஸ்ஸிடம் பெற்றோர்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து பேசலாம். நடுவில் ஐந்து நிமிடம் எழுப்பி விடுங்கள், ஃபீஸில் குறைக்கச் சொல்ல மாட்டோம் என்று சிரித்துக்கொண்டே சொன்னால் யாரும் மறுக்கப் போவதில்லை. பிள்ளைகள் அமைதியாவதைப் பார்த்தால் அவர்களே தொடர்வார்கள்.

பள்ளிக்கும் இதில் செலவில்லை. கேரளத்துப் பள்ளிகள் 2019-ல் தண்ணீர் குடிக்கவென்றே தனி மணி அடிக்க ஆரம்பித்தன. தண்ணீருக்கு ஒரு மணி அடிக்க முடிந்தால், எழுந்து நிற்கவும் ஒரு மணி அடிக்கலாம். பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் மதிப்பெண் பட்டியலை வாங்கிக்கொண்டு கிளம்பாமல், “பி.டி. பீரியட் ஒழுங்கா நடக்குதுங்களா?” என்று ஒரு கேள்வியும் கேட்டுவிட்டு வரலாம். நாலு பெற்றோர் கேட்டால் நடக்கும்.

ஒரு வாரம் போதும்

சாயங்காலம் இரண்டு மணி நேரம் படிக்கும் பிள்ளைக்கு நாலு முறை ஐந்து நிமிடம் என்றால், 20 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 60 நிமிடத்தில் மூன்றில் ஒரு பங்கை, ஒரு ரூபாய் செலவில்லாமல் ஹாலிலேயே எட்டிவிடலாம். மீதி 40 நிமிடத்துக்குத் தெருவும் மைதானமும் மொட்டை மாடியும் வேண்டும். இந்த இடைவேளைகள் விளையாட்டுக்கு மாற்று இல்லை. விளையாட்டு கிடைக்காத நாளிலும் உடம்பு துருப்பிடிக்காமல் காக்கும் எண்ணெய்.

வருகிற திங்கட்கிழமை ஆரம்பித்து ஒரு வாரம் மட்டும் செய்து பாருங்கள். ஹோம்வொர்க் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எத்தனை மணிக்கு முடிந்தது, நடுவில் எத்தனை தடவை குரல் உயர்ந்தது என்று மூன்றையும் காலண்டர் தாளில் குறித்துவையுங்கள். முதல் இரண்டு நாள் பிள்ளை சிரிக்கும், நேரம் கொஞ்சம் கூடவே இழுக்கும். ஞாயிற்றுக்கிழமை அந்தக் குறிப்பை எடுத்து, பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். அடுத்த வாரம் மணி எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை அடிக்க வேண்டும் என்பதை அதுவே சொல்லட்டும்.